கை போதவில்லையா, மனசு இல்லையா? ஸ்டாஃபோர்டு மருத்துவமனை வார்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகர மருத்துவமனையில் 2005 ஜனவரி முதல் 2009 மார்ச் வரை நோயாளிகளை எப்படிக் கவனித்தார்கள் என்பதை ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் தலைமையில் இரண்டு முறை விசாரித்தார்கள். முதல் அறிக்கை 2010 பிப்ரவரியில் வந்தது. முழுப் பொது விசாரணையின் அறிக்கை 290 பரிந்துரைகளோடு 2013 பிப்ரவரி 6 அன்று வந்தது. அன்றே பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த அறிக்கைகளைப் பெரும்பாலும் நிர்வாகம் தோற்ற கதையாகத்தான் படிக்கிறார்கள். அது சரிதான். எனக்கு அதில் பிடிபட்டது வேறொரு விஷயம். ஒரே வார்டு, ஒரே இரவு. கட்டிலில் கிடப்பவர் "இவங்களுக்கு மனசே இல்லை" என்கிறார். தள்ளுவண்டியோடு ஓடுகிறவர் "எனக்குக் கை போதலை" என்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அப்படியிருக்க இந்த இரண்டு பார்வையும் எங்கே பிரிந்தன, எங்கே சேர்ந்தன என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

ஆள் குறைந்த கதை

மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற பெயரில் இயங்கிய அந்த மருத்துவமனை நிர்வாகம் அப்போது 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' தகுதிக்கு முயன்றுகொண்டிருந்தது. அது கிடைத்தால் வரவு செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம், அரசின் பிடி தளரும். அதற்கு முதலில் கணக்கு நேராக வேண்டும். 2006-07 நிதியாண்டில் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிப்பது என்று இறங்கினார்கள். 150-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. வார்டுகளை மாடிவாரியாக ஒன்றுசேர்த்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் குறைந்து உதவியாளர்கள் கூடினார்கள்.

2007-ல் டாக்டர் ஃபாஸ்டர் என்ற அமைப்பு மருத்துவமனைகளின் இறப்பு விகிதங்களை ஒப்பிட்டு வெளியிட்டது. எதிர்பார்க்கும் அளவை 100 என்று வைத்தால் இங்கே 127. நோய்களுக்குக் குறியீடு போடும் வேலையில்தான் கோளாறு இருக்கும் என்று நிர்வாகம் அங்கே போய்த் தேடியது. வார்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை. 2008 பிப்ரவரியில் ஆசைப்பட்ட தகுதியும் கிடைத்துவிட்டது. அதே வருடம் ஆட்களை எண்ணிப் பார்த்தபோது முழுநேர நர்சுகள் 120 பேர் குறைவு என்று தெரிந்தது. 2009 மார்ச்சில் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்ட பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது.

பத்திரிகைகள் அப்போது 400 முதல் 1,200 வரை கூடுதல் மரணங்கள் என்று எழுதின. அந்தக் கணக்கை வைத்து இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று முடிவுகட்டக் கூடாது என்பதே ஃபிரான்சிஸின் நிலை. இந்த ஆய்வுக்கு அந்த எண் தேவையும் இல்லை. விசாரணையில் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதெல்லாம் அதைவிடச் சின்ன விஷயங்கள்.

எட்டாத தண்ணீர்

முதல் விசாரணையை 900-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் நேரடியாகத் தொடர்புகொண்டார்கள். ஊழியர்கள் 80 பேர் அளவுக்குத்தான். அந்த மக்கள் சொன்னவற்றில் சிக்கலான அறுவை சிகிச்சை தவறியது போன்றவை அதிகமில்லை. பெல் அடித்தும் யாரும் வரவில்லை. கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் படுக்கையிலேயே போய்விட்டது. அந்த ஈரத்தில் நெடுநேரம் கிடந்தார். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனார்கள், ஊட்ட ஆளில்லை. தண்ணீர் இருந்தது, கைக்கு எட்டவில்லை.

கடைசியில் சொன்னதை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கட்டிலுக்குக் குறுக்கே வரும் சக்கர மேசையில் தண்ணீர் ஜாடியும் டம்ளரும் இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்க ஒருவர் வருகிறார், இடம் வேண்டுமென்று மேசையைக் கால்மாட்டுப் பக்கம் தள்ளுகிறார், பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். மேசை அங்கேயே நிற்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கும் பாட்டிக்கு அந்த இரண்டடி, இரண்டு மைல். பிறகு உணவுத் தட்டு வருகிறது. அதைக் கொண்டுவருபவர் நர்ஸ் இல்லை, உணவுப் பிரிவின் பணியாளர். அவர் மேசை எங்கே நிற்கிறதோ அங்கே வைப்பார். அரைமணி கழித்துத் தொடாத தட்டை எடுத்துப் போவதும் அவரேதான். அந்தப் பாட்டி சாப்பிடவில்லை என்பது நர்சின் கண்ணில் படாமலேயே ஒரு வேளை முடிந்துவிடும். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் தேவையில்லை. ஆள் குறைவாக இருந்தால் போதும்.

இங்கிலாந்து மருத்துவமனைகளில் அந்தக் காலத்தில் சாப்பாட்டு நேரத்தில் பார்வையாளர்களையும் டாக்டர்களின் சுற்றையும் தவிர்க்கும் ஏற்பாடு பரவியது. நோயாளி நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்பதுதான் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் ஊட்டிவிட ஆளில்லாத வார்டில் அதன் விளைவைப் பாருங்கள்: ஊட்டிவிடக்கூடிய மகள் வாசலுக்கு வெளியே நிற்பாள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கே ஒன்று உறுத்தும். நம்மூர் அரசு மருத்துவமனையில் சேர்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வியே "கூட யாரு இருக்கா?" என்பதுதான். தண்ணீர் கொடுப்பது, ஊட்டுவது, பெட் பேன் வைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் அட்டெண்டர் வேலை, அதாவது சொந்தக்காரர் வேலை. நர்சின் பங்கு ஊசி, மாத்திரை, ட்ரிப் என்று சுருங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் அந்த வேலைகள் முழுக்க வார்டின் பொறுப்பு. குடும்பம் பார்க்க வரும் நேரத்தில் வந்துவிட்டுப் போகும். அதனால்தான் ஜூலி பெய்லியின் கதை அங்கே அவ்வளவு அதிர்ச்சியாக இருந்தது. அவருடைய 86 வயதுத் தாய் பெல்லா 2007 செப்டம்பரில் ஸ்டாஃபோர்டில் சேர்ந்து நவம்பரில் இறந்தார். இடைப்பட்ட எட்டு வாரமும் தாயைத் தனியே விடப் பயந்து குடும்பத்தார் மாறி மாறி இரவும் பகலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி இருந்ததால்தான் சுற்றியிருந்த மற்ற நோயாளிகளுக்கு நடந்ததையும் அவர்களால் பார்க்க முடிந்தது. நமக்கு அன்றாடம் நடப்பது, அங்கே வார்டு குலைந்துவிட்டது என்பதற்குச் சாட்சியம் ஆயிற்று. ஊரில் சிறு கஃபே நடத்திவந்த பெய்லி, தன்னைப் போலவே அடிபட்ட குடும்பங்களைச் சேர்த்து ஆரம்பித்த இயக்கம்தான் விசாரணை வரை கொண்டுபோனது.

50 அட்டைகள்

இனி ஸ்டாஃபோர்டை விட்டு 20 வருடம் பின்னால், அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1980-களில் பாட்ரிசியா லார்சன் என்ற நர்சிங் ஆய்வாளர், நர்ஸ் செய்யும் 50 செயல்களை 50 அட்டைகளில் எழுதினார். "நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்", "ஊசி, ட்ரிப் போடவும் கருவிகளைக் கையாளவும் தெரிந்தவர்", "டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவர்" என்கிற மாதிரி. இவற்றை முக்கியத்துவப்படி அடுக்கச் சொன்னார். எல்லாமே முக்கியம் என்று தப்பிக்க முடியாது. மிக முக்கியம் என்ற குவியலில் ஒரே ஓர் அட்டை, அடுத்ததில் 4, அதற்கடுத்ததில் 10, நடுவில் 20, பிறகு இறங்குமுகமாக 10, 4, 1. திருப்தி எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும் படிவங்களைவிட இது எனக்குப் பல மடங்கு பிடித்த முறை. எதையாவது மேலே வைக்க வேண்டுமானால் வேறொன்றைக் கீழே இறக்கியாக வேண்டும்.

1984-ல் புற்றுநோயாளிகளின் அடுக்கை வெளியிட்டார், 1986-ல் நர்சுகளுடையதை. நர்சுகள் உச்சியில் வைத்தது காதுகொடுத்துக் கேட்பதை. ஆறுதலாகத் தொடுவதும் மேலேயே இருந்தது. நோயாளிகள் உச்சியில் வைத்தது ஊசி போடத் தெரிந்திருப்பதையும், டாக்டரை எப்போது கூப்பிடுவது என்று தெரிந்திருப்பதையும். கூப்பிட்டதும் வருவதும் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பட்டியலில் மேலே வந்தன. பிற்பாடு பல நாடுகளில் இதே கேள்வியை வெவ்வேறு படிவங்களோடு கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அச்சு அசலாக இதே விடை வரவில்லை, ஆனால் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பது அடிக்கடி தெரியவந்தது.

இதை வைத்து "நோயாளிக்கு அன்பு வேண்டாம், திறமைதான் வேண்டும்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்பட்ட முடிவு. நர்சுக்கு ஊசி போடுவது சம்பளத்துக்குச் செய்யும் வேலை, அது சரியாக இருந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் தான் மனமுவந்து கொடுப்பதைத்தான் அவர் கவனிப்பு என்று எண்ணுகிறார். நோயாளிக்கு அப்படியில்லை. உயிர் அந்த ஊசியில் இருக்கிறது. முதலில் அது உறுதியாக வேண்டும், மற்றது அப்புறம்.

ஆனால் ஒரு சிக்கல். நர்சின் திறமையை நோயாளி எப்படி அளக்கிறார்? ட்ரிப் சரியான வேகத்தில் இறங்குகிறதா என்று அவருக்குத் தெரியாது. ஊசி மருந்தின் அளவு சரியா என்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெல் அடித்து எத்தனை நேரம் ஆயிற்று, தண்ணீர் எட்டுகிறதா, படுக்கை விரிப்பு மாற்றினார்களா என்பதுதான். இவற்றை வைத்துத்தான் கண்ணுக்குத் தெரியாத மற்ற எல்லாவற்றையும் எடைபோடுகிறார். தண்ணீரைக்கூட மறந்துவிடுகிறவர் மாத்திரையை மறக்க மாட்டார் என்று எப்படி நம்புவது? ஸ்டாஃபோர்டு குடும்பங்களின் பயம் அங்கிருந்துதான் கிளம்பியது என்று நினைக்கிறேன்.

நர்சுகளுக்குத் தெரியாமல் இல்லை

இந்த மாதிரி விவகாரங்களில் ஊழியர்கள் தாங்கள் நன்றாகத்தான் கவனிக்கிறோம் என்று நம்பியிருப்பார்கள், நோயாளிகள் மட்டும் வேறு மாதிரி சொல்வார்கள் என்றுதான் பொதுவாக எதிர்பார்ப்போம். ஸ்டாஃபோர்டில் அப்படி இல்லை. 2007-ல் நாடு முழுக்க நடந்த ஊழியர் கருத்துக் கணிப்பில், நீங்களே நோயாளியாக இங்கு வந்தால் கவனிப்பு திருப்தியாக இருக்குமா என்று கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் அங்கே 27 சதவீதம்தான். நாட்டுச் சராசரி 42. கட்டிலில் இருந்தவர்கள் கண்டதை நின்றவர்களும் கண்டிருந்தார்கள். நிர்வாகக் குழுவின் மேசைக்குப் போனபோது அது இன்னொரு புள்ளிவிவரம் ஆகிவிட்டது.

சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த ஹெலீன் டோனலி சாட்சி. நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற அரசின் இலக்குக்காகக் காத்திருந்த நேரத்தைப் பொய்யாக எழுதச் சொன்னார்கள் என்று விசாரணையில் சொன்னார். நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் புகார் எழுதிப் போட்டவர். சக ஊழியர்களின் மிரட்டலால் இரவு டியூட்டி முடிந்து தனியே கார் வரைக்கும் நடக்கப் பயந்தார்.

ஆள் குறைந்தால் நர்ஸ் எதை விடுகிறார்? இதற்கு நல்ல தரவு உண்டு. 2010-ல் இங்கிலாந்தின் 46 மருத்துவமனைகளில் 2,900-க்கும் மேற்பட்ட நர்சுகளிடம், கடைசி ஷிஃப்டில் நேரமில்லாமல் விட்டது எது என்று கேட்டார்கள். ஏதாவது ஒன்றையாவது விட்டோம் என்றவர்கள் 86 சதவீதம். அதிகம் விடப்பட்டது நோயாளியிடம் பேசுவதும் ஆறுதல் சொல்வதும்: 66 சதவீதம். சிகிச்சைகளை விட்டவர்கள் 11, வலிக்கான கவனிப்பை விட்டவர்கள் 7.

லார்சனின் அட்டைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை உச்சியில் வைத்தார்களோ அதைத்தான் நர்சுகள் முதலில் கைவிடுகிறார்கள். நெருக்கடி வந்ததும் அவர்கள் தங்கள் பட்டியலை மூடிவைத்துவிட்டு நோயாளியின் பட்டியல்படி வேலை செய்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது தனக்கு எது முக்கியமோ அதைச் செய்யாமல் போகிற உறுத்தல் நர்சுக்கு. தன் ஊசியைக் காப்பாற்றத்தான் அந்த அம்மா பேசாமல் ஓடினார் என்பது நோயாளிக்குத் தெரியாது. அவருக்கு முகம் கொடுக்காமல் ஓடிய ஒருவர்தான் ஞாபகம்.

சில ஆங்கிலேய மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் நேரத்தில் நர்சுகள் "தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதிய சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டார்கள். இடையில் கூப்பிட்டால் மருந்து மாறிப்போகும், அதைத் தடுக்கத்தான். முழுக்க நோயாளிக்காகச் செய்த ஏற்பாடு. படுத்திருந்து வாசித்தவர்களில் எத்தனை பேருக்கு அது அப்படித் தோன்றியிருக்கும்?

இதுவரை நர்சுகள் பக்கம் நின்று பேசினேன். ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஆள் குறைவின் தலையில் கட்டிவிட முடியாது. ஃபிரான்சிஸ் அறிக்கை கல்மனதோடு நடந்துகொண்ட ஊழியர்களைப் பற்றியும் வெளிப்படையாகவே பேசுகிறது. அதே வார்டில் நல்லபடியாகக் கவனித்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் பதிவுசெய்கிறது. எனக்குத் தோன்றுவது, கை போதாமையில் ஆரம்பிப்பது நாளாக ஆக மனசிலும் ஏறிவிடுகிறது. தினமும் பத்துப் பெல் அடிக்கும், நான்குக்குத்தான் போக முடியும் என்றால், மீதி ஆறும் காதில் விழாமல் இருக்கக் காது பழகிக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் வார்டில் ஆள் இருந்தாலும் அந்தக் காது கேட்காது. "மனசே இல்லை" என்று குடும்பங்கள் சொன்னது அப்போது உண்மையாகவே ஆகிவிடுகிறது.

ஊரும் இரண்டாகப் பிரிந்தது. மருத்துவமனையின் சேவைகளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் 2013 ஏப்ரலில் பல்லாயிரக்கணக்கானோர் மருத்துவமனையைக் காப்பாற்றக் கோரி ஸ்டாஃபோர்டு தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அவர்களில் பலர் அங்கேயே பிள்ளை பெற்றவர்கள், அங்கேயே பிழைத்தவர்கள். ஜூலி பெய்லி வசவும் மிரட்டலும் தாங்காமல் கஃபேயை மூடிவிட்டு ஊரைவிட்டே போனார். அவருடைய தாயின் கல்லறையைக்கூடச் சேதப்படுத்தினார்கள். எந்த வார்டில், எந்த மாதத்தில், யாருடைய ஷிஃப்டில் படுத்திருந்தோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவரின் கையிலும் ஒரு ஸ்டாஃபோர்டு இருந்தது.

பிறகு செய்தவை

செய்தவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: மனசைத் திருத்த முயன்றவை, கையைக் கூட்ட முயன்றவை.

முதல் வகையில் 2012 டிசம்பரில் இங்கிலாந்தின் தலைமை நர்சிங் அதிகாரி ஜேன் கம்மிங்ஸ் அறிமுகப்படுத்திய ஆறு பண்புகள்: கவனிப்பு, கருணை, திறமை, பேச்சுத்தொடர்பு, துணிவு, ஈடுபாடு. ஆங்கிலத்தில் ஆறுமே சி-யில் தொடங்குவதால் '6 சி' என்று பெயரானது. கெட்ட விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று கேட்பவருக்கு அதில் விடை கிடையாது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று, மணிக்கொரு சுற்று. அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளின் 27 பிரிவுகளில் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பெல் அடிக்கக் காத்திராமல் நர்சோ உதவியாளரோ மணிக்கு ஒருமுறை தானே வந்து வலி உண்டா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா, திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். பெல்லையும் தண்ணீரையும் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்கள். பெல் அடிப்பது 38 சதவீதம் குறைந்தது, கீழே விழுவதும் குறைந்தது. 2012 ஜனவரியில் கேமரன் இதை இங்கிலாந்தில் பரப்பச் சொன்னார். மருத்துவமனைகளில் ஏறக்குறைய எல்லாமே ஏற்றுக்கொண்டன. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் பிறகு நேரில் போய்ப் பார்த்து 2019-ல் எழுதியது சங்கடமாக இருந்தது. பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் பலவீனம், பல வார்டுகளில் சுற்று என்பது படிவத்தில் டிக் அடிப்பதாகவும், நாளைக்குப் புகார் வந்தால் காட்டும் காகிதமாகவும் ஆகிவிட்டிருந்தது. மணிக்கொரு சுற்று வர ஆள் வேண்டும். ஆள் இல்லாத வார்டில் சுற்று காகிதத்தில்தான் நடக்கும்.

கையைக் கூட்டும் வகையில் முக்கியமானது, நைஸ் என்ற அரசு அமைப்பு 2014 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டி. பகல் ஷிஃப்டில் ஒரு நர்சுக்கு 8 நோயாளிகளுக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறதா என்று பார்க்கச் சொன்னது. கூடவே சில சிவப்புக் கொடிகள். வலி மருந்து 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கொடி. வலி, கழிப்பறைத் தேவை, பொருட்கள் எட்டுகிறதா, படுத்திருக்கும் நிலை ஆகியவற்றைச் சொன்னபடி பார்க்காமல் விட்டால் கொடி. கொடி ஏறினால் பொறுப்பு நர்ஸ் உடனே கூடுதல் ஆள் கேட்கலாம். இந்த விவகாரம் முழுவதிலும் என் பார்வையில் உருப்படியான காகிதம் இதுதான். எட்டாத தண்ணீரை நர்சின் குணக்கேடாகப் பார்க்காமல் ஆள் பற்றாக்குறையின் அறிகுறியாகப் பார்க்கிறது, அதைச் சொல்லும் உரிமையையும் வார்டில் நிற்பவர் கையில் கொடுக்கிறது.

மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் நிர்வாகத்தின் கையிலிருந்து மருத்துவமனை 2014 நவம்பரில் போனது. மருத்துவமனை கவுண்டி ஹாஸ்பிடல் என்ற புதுப் பெயரில் பக்கத்து நிர்வாகத்தோடு சேர்ந்தது. நைஸ் அமைப்பு அடுத்தடுத்து அவசர சிகிச்சை போன்ற பிரிவுகளுக்கும் ஆள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தது. 2015 ஜூனில் அந்த வேலையை நிறுத்திவைக்கும்படி தேசிய சுகாதார நிர்வாகம் கேட்டுக்கொண்டது. ஃபிரான்சிஸ் இதற்குக் கவலை தெரிவித்தார்.